கொள்ளிடத்து மணலில் கூடாரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கூடாரம், கேஸ் அடுப்பு, டார்ச் லைட் எல்லாம் விவரமாக எழுதியிருந்தீர்கள். எந்த இடத்தில் போடுவது என்பதற்கு மட்டும் ‘தண்ணீருக்கு அருகே சமமான இடம்’ என்று ஒரே வரி. பொதுப்பணித் துறையில் (இப்போது நீர்வளத் துறை என்கிறார்கள்) லஸ்கராக மதகு ஏற்றி இறக்கியே ஓய்வு பெற்றவன் நான். அந்த வரியைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

எங்கள் பக்கம் தண்ணீருக்கு அருகே சமமான இடம் என்றால் கொள்ளிடத்து மணல்தான். சனிக்கிழமை சாயங்காலமானால் வெளியூர் வண்டிகள் வந்து நிற்கின்றன. கண்ணுக்கு எட்டிய வரை மணல், நடுவில் கணுக்கால் அளவுக்கு ஓடை, ஓரத்தில் நாணல். யாருக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிற முக்கொம்பு அணையில் பாசனத்துக்கு வேண்டியதைக் காவிரியில் விட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் தள்ளிவிடுவது இந்த ஆற்றில்தான். கல்லணையிலும் அதே கதை.

ஜூலை, ஆகஸ்டில் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும். குடகிலும் வயநாட்டிலும் மழை கொட்டும். கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி, மேட்டூரும் 120 அடியைத் தொட்டுவிட்டால் வருகிற தண்ணீரை அப்படியே திறந்துவிட வேண்டியதுதான். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் மதகுகளையே அடித்துக்கொண்டு போனது அப்படி வந்த தண்ணீர். ஆகவே வானத்தைப் பார்க்காதீர்கள், பேப்பரைப் பாருங்கள். மேட்டூர் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் தினமும் வருகிறது. அங்கே திறந்தது இங்கே வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். ஊருக்குள் தண்டோரா போடுவார்கள். அது மணலில் படுத்திருப்பவர் காதுக்கு எட்டாது.

இடம் பார்க்கும்போது ஓரத்துச் சீமைக்கருவேல மரங்களை ஒரு பார்வை பாருங்கள். வைக்கோல், கிழிந்த சாக்கு, பாலிதீன் பை எல்லாம் கிளைகளில் ஒரே மட்டத்தில் சிக்கிக் கிடக்கும். போன வெள்ளம் அந்த மட்டத்துக்கு ஓடியிருக்கிறது. அது உங்கள் தலைக்கு மேலே இருந்தால் நீங்கள் நிற்பது ஆற்றுக்குள்.

கேரவன் கொண்டுவருகிறவர்கள் இன்னொன்று செய்கிறார்கள். வண்டியை நேரே கரை மேல் ஏற்றிவிடுகிறார்கள். எதிரே டிராக்டர் வந்தால் ஒதுங்க இடமில்லை, திருப்பவும் முடியாது. அது மண் கரை. ஒரு தூறல் போட்டால் போதும், சக்கரம் இறங்கிவிடும். ஒரு வண்டியின் பின்சக்கரம் கரையோரத்தைச் சீவிக்கொண்டு சரிந்ததைப் பார்த்தேன். வண்டிக்காரர் மறுநாள் ஊருக்குப் போய்விட்டார். கரை உடைந்தால் யார் வயல் போகும்? கக்கூஸ் டேங்கை வாய்க்காலில் திறந்துவிடுகிறவர்களைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அதே வாய்க்காலில் கீழே ஜனங்கள் குளிக்கிறார்கள்.

வராதீர்கள் என்று சொல்லவில்லை. கரைக்கு வெளிப்பக்கம் மேடான தோப்பாகப் பார்த்து, உடையவரைக் கேட்டுக்கொண்டு தங்குங்கள். தென்னைக்கு நேர் அடியில் வேண்டாம், மட்டை விழும். வரப்பை ஒட்டியும் வேண்டாம். எலி இருக்கிற இடத்துக்கு விரியன் வரும். பொங்கல் கழித்து, வழக்கமாக ஜனவரி 28-ல் மேட்டூரை மூடிய பிறகு வந்தால் நல்லது. அப்போது ஆற்றில் தண்ணீர் இருக்காதே என்றால், தரங்கம்பாடி, பூம்புகார் பக்கம் கடல் இருக்கிறது.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். டெல்டாவில் ஆற்றை ஒட்டியே எத்தனையோ ஆய்வு மாளிகைகள் இருக்கின்றன. மேடான வளாகம், குழாய், கழிப்பறை எல்லாம் உண்டு. அதிகாரிகள் வராத நாளில் வாசலில் நாய் படுத்திருக்கிறது. வாடகை வாங்கிக்கொண்டு கூடாரத்துக்கும் கேரவனுக்கும் அங்கே இடம் விடலாமே. நீங்களும் அடுத்த முறை இப்படி ஒரு கட்டுரை போட்டால், பக்கத்திலேயே ஒரு பெட்டிச் செய்தியாக அன்றைய மேட்டூர் வெளியேற்றத்தையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லஸ்கர் ஒருவர்,
திருவையாறு