அறுபத்து மூவர் அன்று நான் காட்டப் போவது

அன்புள்ள கண்ணம்மா,

இந்தப் பங்குனித் திருவிழாவுக்கும் மயிலாப்பூர் வர முடியாது, எட்டாம் நாள், நாயன்மார் அறுபத்து மூவரும் கபாலீஸ்வரரோடு வீதிக்கு வரும் அன்று, முழு நேரமும் வீடியோ காலில் இருந்து சுவாமியைக் காட்டும்மா என்று கேட்டிருந்தாய். போனில் சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன். சுவாமியை நான் காட்டப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, காரணம் இருக்கிறது.

என்னைவிட நீதான் சுவாமியை நன்றாகப் பார்ப்பாய். யூடியூபில் நேரலை போடுகிறவர்கள் அவ்வளவு கிட்டத்தில் காட்டுகிறார்கள், மாலையில் என்ன பூ என்றுகூடத் தெரிகிறது. நான் மாட வீதியில் ஆயிரம் தலைகளுக்குப் பின்னால் நிற்பேன். வெள்ளி விமானத்தின் உச்சி தெரிந்தாலே பெரிது. திருவிழாவின் மூன்றாம் நாள் சுவாமி அதிகார நந்தி வாகனத்தில் காலை ஆறு மணிக்கு இங்கே வீதியில் இருக்கும்போது உனக்கு டொராண்டோவில் முந்தின நாள் இரவு எட்டரை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு அப்போதே பார். அப்புறம் பதிவை ஓட்டிப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதே. நாங்கள் கை கூப்பும் நேரத்தில் நீயும் கூப்ப வேண்டும் என்பது என் ஆசை. முட்டி தேய்ந்துபோன உன் பெரியம்மா திருவண்ணாமலை தீபத்தை டிவியில்தான் பார்க்கிறாள். மலையில் ஏற்றியதும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று கும்பிடுகிறாள். அது குறைந்த தரிசனம் என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வீதியில் நிற்பவர்கள் கதை வேறு. முன்னால் இருப்பவர் போனைத் தூக்கினால், நான் சுவாமியை அவர் போனில்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சுவாமி நம் எதிரில் நிற்பது கொஞ்ச நேரம். அதையும் படம் சரியாக விழுந்ததா என்று பார்ப்பதில் கழித்தால், வேண்டிக்கொள்ள வந்ததை எப்போது வேண்டுவது? கோயில்களுக்குள் செல்போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. திருமலையில் அது பழைய வழக்கம். போனை ஒப்படைத்துவிட்டு வரிசையில் உட்கார்ந்ததும் எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று பேச்சு தொடங்கிவிடும். ஆனால் அங்கே 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்பே ஆன்லைனில் எடுக்க வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இல்லாத வயதானவர்கள் அதற்கு யார் யாரையோ கெஞ்சுகிறார்கள். அது எனக்கு வருத்தம்.

எல்லாம் போனிலேயே வந்துவிட்டால் கோயிலுக்கு யார் வருவார்கள் என்று உன் அப்பா கேட்கிறார். 2019-ல் காஞ்சிபுரத்தில் நடந்ததை நினைத்துப் பார். அனந்தசரஸ் குளத்திலிருந்து 40 வருஷத்துக்கு ஒரு முறை எழுந்தருளும் அத்திவரதர். 1979-ல் தாத்தா போனது யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு. 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாளும், இன்று என்ன நிறப் பட்டு என்று வாட்ஸ்அப்பில் படம் வந்துகொண்டே இருந்தது. படம்தான் பார்த்தாயிற்றே என்று யாரும் வீட்டில் இருந்துவிடவில்லை. சயனக் கோலம் பார்த்தவர்கள் ஆகஸ்ட் பிறந்ததும் நின்ற கோலத்துக்காக மறுபடி கிளம்பினார்கள். படம்தான் அத்தனை பேரையும் இழுத்தது, என்னையும் சேர்த்து. நெரிசலில் சில உயிர்கள் போனதையும் மறக்க முடியாது.

சரி, நான் காட்டப் போவது என்ன? எட்டாம் நாள் காலையில் பூம்பாவையை எழுப்பும் ஐதீகம் நடக்குமே, சின்ன வயதில் குளத்தருகே நின்று பார்த்திருக்கிறாய். இறந்து சாம்பலாகிவிட்ட அந்தப் பெண்ணை உயிரோடு எழுந்து வரச் சொல்லிப் பதிகம் பாடும்போது, மயிலையில் நடக்கும் விழாக்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமலா போகிறாய் என்று கேட்கிறார் சம்பந்தர். ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், பங்குனி உத்திரம் எல்லாம் பின்னால்தான் வருகின்றன. முதல் பாட்டில் அவர் சொல்வது அடியார்களுக்குச் சோறிடுவதை.

அது இன்றைக்கும் நடக்கிறது. அறுபத்து மூவரும் வீதிக்கு வரும் பிற்பகலில் வாசலுக்கு வாசல் நீர்மோர், பானகம், புளியோதரை, சுண்டல். வாங்குபவர் யார் என்று கொடுப்பவர் கேட்பதில்லை. உனக்கு நான்கு வயதில், கூட்டத்தில் ஒன்றும் தெரியாமல் நீ அழுதபோது, முன்பின் தெரியாத ஒருவர் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சப்பரம் சப்பரமாக நாயன்மார் பெயர் சொல்லிக் கொடுத்தார். நேரலை கேமரா சுவாமியை விட்டுத் திரும்பாது, திரும்பவும் கூடாது. அதனால் இந்தப் பக்கத்தை யாராவது காட்டினால்தான் உன் மகளுக்குத் தெரியும்.

மூன்று மணிக்கு நம் தெரு மோர்ப் பந்தலிலிருந்து கூப்பிடுகிறேன். உனக்கு விடிகாலை ஐந்தரை, அலாரம் வைத்துக்கொள். பத்து நிமிஷம்தான், அப்புறம் எனக்குக் கை ஒழியாது. அவளையும் எழுப்பி உட்கார வை. யாருக்கு மோர் கொடுக்கலாம் என்று அவள் சொல்லட்டும், அவருக்கே கொடுக்கிறேன். அடுத்த பங்குனிக்கு இப்போதே லீவு கேட்டு வை. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, பந்தலில் குடம் தூக்க ஆள் போதவில்லை.

அன்புடன்,
அம்மா