டி.எஸ்.எச். சரியாக இருந்தால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் பிட்யூட்டரி சுரப்பியைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மூளையின் அடியில் ஓர் எலும்புக் குழிக்குள் இருக்கும், ஏறத்தாழ அரை கிராம் எடையே உள்ள சுரப்பி, தைராய்டையும் அட்ரீனலையும் சினைப்பையையும் எப்படி இயக்குகிறது என்பதைக் கட்டுரையாளர் தெளிவாக விளக்கியிருந்தார். ஆனால், அச்சுரப்பி பழுதாவதைப் பற்றிய பகுதியில் கட்டிகள் மட்டுமே பேசப்பட்டிருந்தன. பிரசவத்தின்போது அது செயலிழந்துபோகக்கூடும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. அதை என் அக்காவிடம் கண்ணெதிரே பார்த்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கர்ப்ப காலத்தில், தாய்ப்பாலுக்கான புரோலாக்டினைச் சுரக்கும் செல்கள் பெருகுவதால், பிட்யூட்டரியின் முன்பகுதி பருத்துவிடுகிறது. அப்பகுதிக்கான ரத்தமோ, மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து இறங்கும் நுண்ணிய நாளங்களின் வழியே குறைந்த அழுத்தத்தில்தான் வந்து சேர்கிறது. பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போய் ரத்த அழுத்தம் சரியும்போது, பருத்திருக்கும் சுரப்பிக்குப் போதிய ரத்தம் எட்டாமல் அதன் திசுக்கள் மடிந்துவிடுகின்றன. இந்நோயை 1937ஆம் ஆண்டு விரிவாக விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஷீஹனின் பெயரிலேயே இது இன்றும் அழைக்கப்படுகிறது.

அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல், பல பாட்டில் ரத்தம் ஏற்றித்தான் உயிரைக் காப்பாற்றினார்கள். அதன்பின் அவருக்குப் பால் ஒரு சொட்டுகூடச் சுரக்கவில்லை. அதற்கு அவரையே குறை சொன்னவர்கள் பலர். குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். மாதவிலக்கும் திரும்பவில்லை. அடுத்தடுத்த ஆண்டுகளில் அக்குள் முடி உதிர்ந்தது, கோடையிலும் குளிர்கிறது என்று போர்த்திக்கொண்டார், நாலு படி ஏறினாலே உட்கார்ந்துவிடுவார். காட்டிய இடங்களிலெல்லாம் தைராய்டுக்கு, அதைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோனான டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்த்து, நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

சிக்கல் இருந்தது அந்த நார்மலில்தான். தைராய்டு சுரப்பியே பழுதானால், அதை வேலை வாங்குவதற்காகப் பிட்யூட்டரி டி.எஸ்.எச். ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கும்; அதனால்தான் அந்த எண் ஏறுகிறது. பிட்யூட்டரியே மடிந்துபோயிருந்தால் எண்ணை ஏற்றுவதற்கு ஆள் ஏது? தைராய்டு ஹார்மோன் உடலில் வற்றிக்கொண்டிருக்க, டி.எஸ்.எச். குறைந்தோ, சரியான அளவில் இருப்பதுபோலவோ தெரியும். தைராய்டு ஹார்மோனையே அளக்கும் எஃப்.டி.4 பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும்.

ஏழாண்டுகள் கழித்து, சாதாரணக் காய்ச்சலில் வாந்தியெடுத்து மயங்கி விழுந்தபோது அக்காவின் ரத்தத்தில் சோடியம் வெகுவாகக் குறைந்திருந்தது. அன்று பணியில் இருந்த இளம் மருத்துவர் மூன்றே கேள்விகள் கேட்டார்: பிரசவத்தில் ரத்தம் அதிகம் போனதா, பால் சுரந்ததா, மாதவிலக்கு திரும்பியதா. பதில்களைக் கேட்டதும், பிட்யூட்டரியின் ஏவலில் அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் ஹார்மோனை அளக்க ரத்தம் எடுத்த கையோடு, முடிவு வரும்வரை காத்திராமல், அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசியைப் போட்டார். தைராய்டு ஹார்மோனான தைராக்சின் மாத்திரையைச் சில நாட்கள் கழித்தே தொடங்கினார்கள். இந்த வரிசை முக்கியமானது. கார்டிசால் குறைவாக உள்ளவருக்குத் தைராக்சினை முதலில் கொடுத்தால், இருக்கும் கொஞ்சநஞ்சக் கார்டிசாலும் வேகமாகச் செலவழிந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அக்கா இன்று நலமாக இருக்கிறார். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோன் அளவை இரட்டிப்பாக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதித் தந்த அட்டையைக் கைப்பையிலிருந்து அவர் எடுப்பதே இல்லை. ஆனால் அந்த ஏழு ஆண்டுகளை யாராலும் அவருக்குத் திருப்பித் தர முடியாது.

ஆகவே, பிரசவத்துக்குப் பிந்தைய பராமரிப்பைப் பற்றித் தாங்கள் அடுத்து வெளியிடும் கட்டுரையில், நாளமில்லாச் சுரப்பியியல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு இந்நோயைப் பற்றி எழுதச் செய்யுமாறும், அந்த மூன்று கேள்விகளைக் கட்டம் கட்டி அச்சிடுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி