செயலாளரின் ஆண்டறிக்கை: காத்திருப்புக் கணக்கும் சந்தா நிலுவையும்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் தோழர்களுக்கும் வணக்கம்.

நம் படிப்பு வட்டத்தின் மாதக் கூட்டங்கள் இரண்டு மாதம் நீங்கலாக ஒழுங்காக நடந்தன. மே தினக் கூட்டம் நடந்தது. சங்கம் சேரும் உரிமை பற்றியும் கூட்டுப் பேரம் பற்றியும் ஐ.எல்.ஓ. (பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு) கொண்டுவந்த 87ஆம் (1948), 98ஆம் (1949) உடன்படிக்கைகளை வாசித்து விவாதித்தோம். நூலகத்தில் இரவல் போன நூல்கள் சில இன்னும் திரும்பவில்லை.

இந்த ஆண்டின் முக்கிய வேலை காத்திருப்பு நேரக் கணக்கெடுப்பு: கூலியில்லாமல் வேலைக்காகக் காத்திருக்கும் நேரத்தைத் தொழிலாளர்களே நாள்தோறும் நோட்டில் எழுதுவது. படிப்பு வட்டத்துக்கு இது எதற்கு என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்ததால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நிலையற்ற வேலை என்றால் கூலி குறைவு என்பதோடு பேச்சை முடித்துவிடுகிறோம். வேலை வராத நேரத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் அடிப்படைக் கேள்வி. ஆள் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்க வேண்டும், நின்ற நேரத்துக்குக் கூலி தரக் கூடாது: இதுதான் ஏற்பாடு. 1889இல் லண்டன் துறைமுக வாசலில் நின்றவர்களை ஒரு மணி நேரம் வேலை வாங்கிவிட்டு அனுப்பிவிட முடிந்தது. அந்த ஆண்டு வேலைநிறுத்தத்தில் மணிக்கு 6 பென்ஸ் கேட்டது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கூப்பிட்டால் குறைந்தது 4 மணி நேர வேலை தர வேண்டும் என்று கேட்டதும், ஐந்து வாரப் போராட்டத்தில் அதையும் வென்றதும் மறந்துபோகிறது. என் பார்வையில் இரண்டாவதே பெரிய வெற்றி. 1947இல் பிரிட்டனில் வந்த துறைமுகத் தொழிலாளர் திட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், வந்து நின்றும் வேலை கிடைக்காத நாளுக்குப் படி கொடுத்தது. 1989இல் அந்தத் திட்டத்தையே எடுத்துவிட்டார்கள். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் துறைமுகத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் பம்பாய், கல்கத்தா, சென்னைத் துறைமுகங்களில் தொழிலாளர் வாரியங்கள் அமைந்தன. மகாராஷ்டிரத்தின் 1969ஆம் ஆண்டு மாத்தாடிச் சட்டம் சுமைத் தொழிலாளர் கூலியையும் அதன் மேல் ஒரு தீர்வையையும் முதலாளி அதற்கென அமைந்த வாரியத்தில் கட்ட வேண்டும் என்றது.

செயலி வழி வேலையிலும் சண்டை இதே இடத்தில்தான். ஊபர் வழக்கில் 2021 பிப்ரவரி 19இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், ஓட்டுநர் தன் உரிமப் பகுதிக்குள் செயலியைத் திறந்து பயணத்தை ஏற்கத் தயாராக இருக்கும் நேரம் முழுவதும் வேலை நேரமே என்றது. அடுத்த மாதம் நிறுவனம் குறைந்தபட்ச ஊதியம் அறிவித்தபோது, பயணத்தை ஏற்றது முதல் இறக்கிவிடும் வரை மட்டும் என்று வரையறுத்துக்கொண்டது. காத்திருப்பு மறுபடியும் வெளியே போனது. தீர்ப்பு கையில் இருந்தும் கணக்கு கையில் இல்லாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

அதற்காகத்தான் நோட்டு. நாளுக்கு ஒரு பக்கம், ஐந்து பத்தி: கூலி வந்த நேரம், காத்திருந்த நேரம், கூலியில்லாப் பயணம், வண்டி-கைப்பேசிப் பராமரிப்பு, கையிலிருந்து போன செலவு. தொடர்ந்து 14 நாள் எழுத வேண்டும். ஒரு வாரம் மட்டும் எழுதினால் அது நல்ல வாரமா கெட்ட வாரமா என்று தெரியாது. அரை மணிக்கு ஒரு முறை அப்போதே குறிக்க வேண்டும். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் ஓடிய ஓட்டம் நினைவில் நிற்கும், மரத்தடியில் நின்ற 20 நிமிடம் நிற்காது. இரண்டு செயலி திறந்திருந்தால் காத்திருப்பை இரண்டு முறை எழுதக் கூடாது. ஒரே வரியில் இரண்டு குறி போட்டால் போதும். கணக்குப் போடும்போது முதலில் செலவைக் கழித்து, மிச்சத்தை மொத்த நேரத்தால் வகுக்க வேண்டும். 10 மணி நேரம் வெளியே இருந்தவருக்கு 6 மணி நேரமே கூலி வேலை என்றால், செலவைக் கழித்தபின் மணிக்கு 100 என்று தோன்றும் கூலி உண்மையில் 60. நோட்டில் பெயர் கிடையாது, எண் மட்டுமே. எண்ணுக்குரிய பட்டியல் தனிப் பூட்டில் இருக்கிறது. நோட்டு தவறிப்போனாலும் யாருடைய பிழைப்பும் போகக் கூடாது.

கொடுத்த நோட்டுகளில் முழுதாக நிரம்பி வந்தவை பாதிக்கும் குறைவு. நாளெல்லாம் ஓடுகிறவர்கள் விட்டுப்போனால் புரிந்துகொள்ளலாம். வாரம் ஒரு முறை போய்ச் சரிபார்க்கிறோம் என்று பெயர் கொடுத்த உறுப்பினர்கள் முதல் வாரத்தோடு நின்றதுதான் காரணம். ஆறாம் நாள் யாராவது வந்து பக்கத்தைப் புரட்டினால்தான் ஏழாம் நாள் எழுதக் கை வரும். இதை முதல் கூட்டத்திலேயே சொன்னேன்.

சந்தா பற்றியும் சொல்லியாக வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் செய்து சங்கத்துக்கு வரும் முறை நிரந்தர வேலைக்காக உருவானது. கூலி வரும் நாள் தெரியாதவரிடம் மாதம் 10ஆம் தேதிக்குள் என்பது நியாயமில்லை என்று நாமே விதியைத் தளர்த்தினோம். ஆனால் நிலுவைப் பட்டியலில் பெரும்பகுதி மாதச் சம்பளக்காரர்கள். அன்றாடக் கூலிக்காரர்கள் கிடைத்த வாரத்தில் கிடைத்ததைக் கட்டி ஏறக்குறைய முடித்துவிட்டார்கள். பொதுக்குழுவுக்குத் தொடர்ந்து வராதவர்களும் பெரும்பாலும் அந்த நிலுவைப் பட்டியலில் இருப்பவர்களே. பெயர்களை வாசிக்கப் போவதில்லை.

வரவும் செலவும் ஏறக்குறைய ஈடாக நிற்கின்றன. நோட்டு அச்சுச் செலவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதல். அதைச் சிறப்பு நன்கொடையில் சரிக்கட்டினோம். விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. தணிக்கை பார்த்துக் கொடுத்த தோழருக்கும், கூட்டத்துக்கு இடம் தந்தவர்களுக்கும், நோட்டுக்குக் கோடு போட்டுக் கொடுத்த அச்சகத் தோழருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு, செயலி வழித் தொழிலாளர்களுக்காகப் பரிவர்த்தனை ஒவ்வொன்றிலும் நலக் கட்டணம் வைக்க வகைசெய்யும் ராஜஸ்தானின் 2023 சட்டத்தை மாத்தாடிச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் படிக்கலாம் என்பது என் யோசனை. இரண்டாம் சுற்றுக் கணக்கெடுப்புக்குச் சரிபார்ப்பவர் ஒருவருக்கு ஐந்து நோட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது. அதற்குப் போதுமான ஆட்கள் இன்று பெயர் கொடுக்காவிட்டால் சுற்றைத் தொடங்காமலிருப்பதே நல்லது. அரைகுறைக் கணக்கை எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் தள்ளிவிடும். செயலாளர் பொறுப்பிலும் ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கும் நிலை நீடிக்க முடியாது. உதவிச் செயலாளர் இடம் ஆண்டு முழுவதும் காலியாகவே இருந்தது.

புது நோட்டுகள் மேசைமேல் இருக்கின்றன. எடுப்பவர்கள் பக்கத்திலுள்ள பதிவேட்டில், எந்தக் கிழமை போய்ப் பார்ப்பார்கள் என்பதையும் எழுதிக் கையெழுத்திட வேண்டுகிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது.

செயலாளர்