நடால்மாவுக்கு ஒரு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் நார்தர்ன் டான்சர் என்ற பந்தயக் குதிரையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 25,000 டாலர் விலை வைத்தும் வாங்க ஆளில்லாமல் நின்ற குட்டைக் குதிரை, 1964இல் அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி பந்தயத்தைச் சரியாக இரண்டு நிமிடத்தில் ஓடி அன்றைய சாதனையை முறியடித்ததைக் கட்டுரையாளர் உயிரோட்டத்துடன் எழுதியிருந்தார். நிஜின்ஸ்கி, சாட்லர்ஸ் வெல்ஸ், டான்சிக் என்று மகன்களின் பெருமையும் பேரன்களின் பெருமையும் பக்கம் பக்கமாக வந்தன. தந்தை நியார்க்டிக், பாட்டனார் நியார்கோ ஆகியோருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் குதிரையை ஈன்ற நடால்மாவுக்கு ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறை என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசுக் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன். பசுக்களுக்குச் சினை ஊசி போடப் போகும் இடங்களில் விவரம் தெரிந்த விவசாயிகள் என்னிடம் காளையின் உயரத்தையோ நிறத்தையோ விசாரித்ததில்லை. "அந்தக் காளையோட தாய் எத்தனை லிட்டர் கறந்தது?" என்றுதான் கேட்பார்கள். பொலிகாளையைத் தேர்ந்தெடுப்பதே தாயின் கறவைக் கணக்கைப் பார்த்துத்தான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பதைத் தொழிலாகவே செய்து பார்த்தவர்கள் அவர்கள்.

நடால்மாவின் கதையும் சொல்லத்தக்கது. 1958இல் அமெரிக்காவின் சரடோகா ஏலத்தில் கனடாவின் குதிரைப் பண்ணை உரிமையாளர் இ. பி. டெய்லர் அதை 35,000 டாலருக்கு வாங்கினார். மறு ஆண்டு ஸ்பின்அவே பந்தயத்தில் முதலாவதாக வந்தும், குறுக்கே விலகி ஓடியதாகச் சொல்லி மூன்றாம் இடத்துக்கு இறக்கிவிட்டார்கள். 1960இல் முழங்கால் எலும்பில் சில்லு பெயர்ந்து, பந்தய வாழ்வே முடிந்துபோனது. இணை சேர்க்கும் பருவம் முடியப் போகும் ஜூன் மாதத்தில், அந்த ஆண்டுதான் அவர் பண்ணையில் பொலிகுதிரையாக, அதாவது இனப்பெருக்கத்துக்கான ஆண் குதிரையாகப் பணி தொடங்கியிருந்த நியார்க்டிக்கோடு சேர்த்தார்கள். தலைச்சன் குட்டி 1961 மே 27இல் பிறந்தது. வட அரைக்கோள நாடுகளில் பந்தயக் குதிரைகள் எல்லாவற்றுக்கும் ஜனவரி முதல் தேதியிலேயே ஒரு வயது கூடிவிடும். மே மாதக் கடைசியில் பிறந்த குட்டி, பிப்ரவரியில் பிறந்தவற்றுக்குப் பக்கத்தில் நின்றால் சிறிதாகத்தான் தெரியும். வாங்க வந்தவர்கள் முகம் சுளித்ததில் தாயின் முழங்கால் காயத்துக்கும் பங்கு உண்டு. அந்தக் காயம் இல்லையென்றால் குட்டியே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

நடால்மாவின் தாய் அல்மஹ்மூத். அதற்குக் காஸ்மா என்று இன்னொரு மகளும் உண்டு. காஸ்மாவின் மகன் ஹேலோ, ஹேலோவின் மகன் சண்டே சைலன்ஸ். 1989இல் கென்டக்கி டெர்பியை வென்ற சண்டே சைலன்ஸ் பிறகு ஜப்பானுக்குப் போய், அங்கே குட்டிகள் வென்ற பரிசுத் தொகைக் கணக்கில் 13 ஆண்டுகள் தொடர்ந்து முதலிடத்துப் பொலிகுதிரையாக இருந்தது. ஐரோப்பாவை ஆண்ட நார்தர்ன் டான்சர் ரத்தமும் ஜப்பானை ஆண்ட சண்டே சைலன்ஸ் ரத்தமும் ஒரே தாயின் இரண்டு மகள்கள் வழியாக வந்தவை. பொலிகுதிரைகளை மட்டும் கோடு போட்டு இணைக்கும் அட்டவணையில் இந்த உறவு கண்ணுக்கே படாது.

கட்டுரையில் டேன்ஹில் பற்றியும் இருந்தது. ஆஸ்திரேலியாவில் ஒன்பது முறை முதலிடம் பெற்ற அந்தக் குதிரை நார்தர்ன் டான்சரின் பேரன் என்பது சரி. டேன்ஹிலின் தாய் ரஸியானாவும் நடால்மா வழி வந்ததுதான். ரஸியானாவின் தாய் ஸ்பிரிங் அட்யூ, நடால்மாவின் மகள். தந்தை பக்கம் மூன்றாம் தலைமுறையில் நடால்மா, தாய் பக்கமும் மூன்றாம் தலைமுறையில் நடால்மா. டேன்ஹிலை உருவாக்கியவர்கள் எதை நம்பி அந்த இணையைச் சேர்த்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

10,000க்கும் மேற்பட்ட குதிரைகளை ஆராய்ந்த 2020ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 97 சதவீதக் குதிரைகளின் வம்சாவளியில் நார்தர்ன் டான்சர் இருப்பது தெரியவந்தது. அந்த 97 சதவீதத்திலும் நடால்மா இருந்தே தீரும். நெருங்கிய உறவுக்குள் கலப்பு கூடிக்கொண்டே போவதை எண்ணி அந்த ஆய்வாளர்கள் கவலைப்பட்டிருந்தார்கள். கால்நடைத் துறையில் இருந்தவன் என்ற முறையில் அந்தக் கவலை எனக்கும் உண்டு. எந்த ரத்தம் எங்கே திரும்பத் திரும்பச் சேர்கிறது என்று அறிய, தாய் பக்கத்தையும் படித்தாக வேண்டும்.

பொலிகுதிரைக்குப் பேர் கிடைப்பதன் காரணம் எனக்குப் புரிகிறது. ஒரு பருவத்தில் அது நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகளுக்குத் தந்தையாகலாம். தாய்க்குதிரையோ பதினொரு மாதம் சுமந்து ஆண்டுக்கு ஒரு குட்டி ஈனும். வாழ்நாளில் பத்து, பன்னிரண்டு தேறினால் அதிகம். இருந்தும், ஒரே தாய்க்குப் பிறந்தவற்றை மட்டுமே உடன்பிறப்பு என்று சொல்வது பந்தய உலகின் மரபு. ஒரே தந்தைக்கு நூறு குட்டிகள் பிறந்தாலும் அவற்றை அப்படி அழைக்க மாட்டார்கள். அர்பன் சீ என்ற தாய் கலிலியோவையும், வேறொரு தந்தைக்கு சீ த ஸ்டார்ஸையும் ஈன்றது. இரண்டும் இங்கிலாந்தின் எப்சம் டெர்பி பந்தயத்தை வென்றன. அந்த அண்ணன் தம்பி உறவு தாயால் வந்தது.

நார்தர்ன் டான்சரின் மகன் ரஸீன் நம் நாட்டுக்கே வந்து உஷா ஸ்டட் பண்ணையில் நின்றது. அதன் வாரிசுகள் ஓடிய நாட்களில் கிண்டியில் வாங்கிய பந்தயப் புத்தகங்கள் சில இன்னும் என்னிடம் இருக்கின்றன. குதிரையின் பெயருக்குக் கீழே தந்தை பெயர், ஒரு சிறு கோடு, அதன் பக்கத்திலேயே தாயின் பெயர். அந்தச் சிறிய புத்தகத்தில் இருந்த இடம் உங்கள் நான்கு பக்கக் கட்டுரையில் இல்லாமல் போனதுதான் வருத்தம். கட்டுரையோடு வந்த வம்சாவளிப் படத்தை நடால்மா, அல்மஹ்மூத் பெயர்களையும் சேர்த்து அடுத்த இதழில் மறுபடி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
வேளச்சேரி, சென்னை.