தராசடியிலிருந்து தொடங்கு, மகளே

தலவாக்கலை

அன்புள்ள மகளுக்கு,

நீயும் உன் நண்பர்களும் தொடங்கவிருக்கும் கம்பனியின் திட்டத்தை முழுவதும் வாசித்தேன். தேயிலைப் பெட்டியின் மேலுள்ள குறியீட்டைக் கைத்தொலைபேசியில் காட்டினால், அந்தத் தேயிலை எந்தத் தோட்டத்தில், எந்த நாளில் பறிக்கப்பட்டது என்பதைக் கடல் கடந்து இருப்பவரும் அறிந்துகொள்ளலாம் என்று எழுதியிருக்கிறாய். தொழிற்சாலைக் கணக்கோடு வாழ்ந்து ஓய்வுபெற்றவன் நான். ஆகவே, கொழுந்து நிறுக்கும் இடத்தை நீங்கள் ஒரே வரியில் கடந்துபோனதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

இதற்காக நீங்கள் பயன்படுத்தவிருக்கும் ப்ளொக்செயின், அதாவது பதிவுகளைத் தொகுதி தொகுதியாகச் சங்கிலிபோல் கோத்து வைக்கும் கணினிப் பேரேடு, எப்படி இயங்குகிறது என்று நீ விளக்கியிருந்தது நன்றாகவே புரிந்தது. ஒவ்வொரு தொகுதியும் தனக்கு முந்தைய தொகுதியின் கணிதச் சுருக்கத்தைச் சுமந்திருப்பதால், நடுவில் ஓர் எண்ணை மாற்றினால் அதற்குப் பின்னுள்ளவை எல்லாம் பொருந்தாமல் போகும். பிரதிகள் பலரிடம் இருப்பதால் மாற்றம் வெளிப்பட்டுவிடும். எங்கள் பேரேட்டிலும் அழித்து எழுதக்கூடாது, கோடிட்டுக் கையொப்பம் வைக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஆனால் எழுதிய பின் மாற்றாமல் காப்பது வேறு, எழுதும்போதே உண்மையை எழுதுவது வேறு. உங்கள் சங்கிலி முதலாவதைத்தான் செய்யும். பொய்யான நிறை ஒன்று அதில் ஏறிவிட்டால், அந்தப் பொய்யையும் அதே உறுதியோடு காத்துநிற்கும்.

முதல் எண் பிறப்பது கொழுந்து மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில். பெண்கள் கொழுந்தைக் கொண்டுவந்து வரிசையில் நிற்பார்கள். ஒருவர் தராசைப் பார்த்துச் சொல்ல, கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று சில கிலோ கழிக்கப்படும். மழை நாளில் ஈரத்துக்குக் கழிப்பதில் நியாயம் உண்டு. வெயில் நாளிலும் அதே கழிவு போட்ட தோட்டங்களை நான் அறிவேன். குறித்த அளவுக்குக் கிலோ குறைந்தால் முழு நாள் வேலையான முழுப்பேர் இல்லாமல், அரை நாள் கணக்கான அரைப்பேர்தான் விழும் என்பதால், அந்தக் கழிவு ஒருத்தியின் அன்றைய சம்பளத்தையே பாதியாக்கிவிடும். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக உயர்ந்தபோது, எத்தனை கிலோ எடுத்தால் முழுப்பேர் என்பதே பல தோட்டங்களில் பெரிய சச்சரவானது. ஆகவே நிறுத்த நிறையையும் கழித்த நிறையையும் தனித்தனியாகப் பதிவு செய்யுங்கள். பறித்தவளின் கையிலும் அதே நேரத்தில், அவள் வாசிக்கக்கூடிய தமிழில், ஒரு பிரதி சேரட்டும். தன் எண்ணைத் தானே சரிபார்க்கக்கூடிய ஒருத்தி இருந்தால்தான் முதல் பதிவுக்கு ஒரு சாட்சி உண்டு.

மேல் மலைகளில் சிக்னல் கிடைக்காத இடங்கள் இன்னும் இருக்கின்றன. மத்தியானம் நிறுத்ததை மாலையில் அலுவலகத்தில் வைத்துச் சங்கிலியில் ஏற்றுவீர்களானால், இடைப்பட்ட அந்த நேரத்தில் எண்ணை யாரும் திருத்தலாம். தராசிலிருந்து நேரடியாகக் கருவிக்குள் விழுந்து, அங்கேயே முத்திரையிடப்பட்டு, பிறகு சிக்னல் வரும்போது தானாகச் செல்லும்படி செய்ய முடியுமா என்று பாருங்கள்.

இன்னொரு வழியிலும் உண்மையைச் சோதிக்கலாம்; இது உங்கள் திட்டத்தில் இல்லவே இல்லை. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலை கிடைக்கும். கொழுந்து நனைந்திருந்தால் இன்னும் கூடுதலாகத் தேவைப்படும். மடுவத்துக் கணக்கின் கூட்டுத்தொகை, தொழிற்சாலை வாசலில் லொறி இறக்கிய நிறை, வாட்டி, உருட்டி, உலர்த்தி, சலித்த பின் வந்த தேயிலை ஆகிய மூன்றையும் அருகருகே வைத்தால், எங்கே எண் வளைந்தது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். மடுவத்தில் எழுதியதைவிடத் தொழிற்சாலைக்கு வந்த கொழுந்து நாள்தோறும் அதிகமாக இருந்தால், அந்த மிகுதி யாருடைய கூடையிலிருந்து வந்தது? இந்தக் கேள்வியை உங்கள் மென்பொருள் கேட்குமானால், ப்ளொக்செயின் இல்லாமலேகூட அதற்கு மதிப்பு உண்டு.

தொழிற்சாலைக்குப் பின் ஏலம். 1883 முதல் நடக்கும் கொழும்புத் தேயிலை ஏலம் 2020இல் இணையவழிக்கு மாறிவிட்டதால், அங்கே தரவு பெறுவது ஓரளவு எளிது. ஆனால் வாங்குபவர் பல தோட்டங்களின் தேயிலையைக் கலந்துதான் பெரும்பாலும் பொதி செய்கிறார். கலவைக்குப் பின் ‘இந்தத் தோட்டத்துத் தேயிலை’ என்று ஒரு பெட்டியைக் காட்டுவது பொய்யாகும். எந்தெந்தத் தோட்டங்கள், எந்த விகிதம் என்றுதான் காட்ட முடியும். ஒற்றைத் தோட்டத்துத் தேயிலையை இங்கேயே பொதி செய்யும் சிறிய ஏற்றுமதியாளர் ஒருவரை முதலில் பிடியுங்கள்.

அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனமான வோல்மார்ட் மாம்பழத்தின் மூலத்தைத் தேட ஏறக்குறைய 7 நாட்கள் எடுத்தது 2.2 செக்கனாகக் குறைந்தது என்று உதாரணம் காட்டியிருக்கிறாய். அங்கே வாங்குபவர் ஒருவரே, அவர் சொன்னால் விற்பவர்கள் கேட்பார்கள். கப்பல் கம்பனியான மேர்ஸ்க்கும் கணினிக் கம்பனியான ஐபிஎம்மும் 2018இல் கப்பல் சரக்குகளுக்காக ஆரம்பித்த ‘டிரேட்லென்ஸ்’ என்ற ப்ளொக்செயின் தளத்தைப் பற்றியும் நீ எழுதியிருக்க வேண்டும். பணமும் பெயரும் இருந்தும், துறை முழுவதன் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை என்று சொல்லி 2022 நவம்பரில் அதை மூடப்போவதாக அறிவித்தார்கள். போட்டியாளர் ஒருவர் நடத்தும் பேரேட்டில் மற்றவர்கள் தங்கள் கணக்கை எழுதத் தயங்குவது இயல்புதானே. உங்கள் பேரேடு யாருடையது என்பதை முதலீட்டாளரிடம் போவதற்கு முன்பே தீர்மானித்துவிடுங்கள்.

தொழிலாளரின் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சங்கிலியில் ஏற்றவே வேண்டாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தரவைத் திருத்தவும் நீக்கவும் கோரும் உரிமையைப் பேசுகிறது. அழிக்க முடியாத பேரேட்டில் அதை எப்படி நிறைவேற்றுவீர்கள்? பெயர்கள் வெளியே ஒரு சாதாரணத் தரவுத்தளத்தில் இருக்கட்டும், சங்கிலியில் அதன் குறி மட்டும் போதும்.

பணம் பற்றி அம்மாவோடு பேசிவிட்டேன், வீட்டைப் பற்றிய கவலை உனக்கு வேண்டாம். சித்திரை கடைசியில் உன் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வா. கொழுந்து மிகுந்து, மழையும் தொடங்கி, மடுவத்தில் எல்லோரும் அவசரப்படும் நேரம் அது. உங்கள் கருவி அந்த வரிசையைத் தாமதப்படுத்தினால் மறுநாளே ஓரமாக வைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்த கணக்கப்பிள்ளை ஒருவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். நனையாத உறை ஒன்றைக் கருவிக்குப் போட்டுக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
அப்பா