பீரோவுக்குள் பூட்டியிருக்கும் பதிவேடுகள்: ரங்கூன் தமிழ்ச் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

ரங்கூன் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும், கத்தோலிக்கப் பங்குப் பேரவைக்காரர்களுக்கும் ஸ்தோத்திரம்.

போன மாதம் ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் சபைப் பாட்டி ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் இன்னொரு பை, அதற்குள் துணிச் சுருட்டு. பிரித்தால் அவருடைய அப்பாவின் வெளிநாட்டார் பதிவுப் புத்தகமும், மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டிய, பாட்டியின் பழைய மூணு மடிப்பு அடையாளக் கார்டும். அந்தக் காலத்தில் பெண்களுக்குக் கொடுத்த ரோஸ் கலர் கார்டு. இப்போது என்ன கலர் என்றே சொல்ல முடியாது. “தம்பி, பேரனுக்குக் குடியுரிமைக் கார்டு எடுக்க இது போதுமான்னு பாத்துச் சொல்லுப்பா” என்றார்.

பாட்டிக்குத் தமிழ் வேதாகமம் சரளமாக வாசிக்க வரும். பர்மிய எழுத்து தெரியாது. பேரன் பர்மியப் பள்ளியில் படித்தவன். தமிழில் பெயரெழுதத் திணறுவான். இரண்டு பேருக்கும் நடுவில் அந்தத் தாள்கள். பாட்டி நாற்பது வருடமாக அதே பெஞ்சில்தான் உட்காருகிறார். ஒருவரும் அவரிடம் கார்டைப் பற்றிக் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1982 குடியுரிமைச் சட்டம் நம்மை மூன்று தட்டில் வைக்கிறது. முழுக் குடிமக்களுக்கு ரோஸ் கார்டு, அடுத்த தட்டுக்கு நீலம், கடைசித் தட்டுக்குப் பச்சை. கார்டு எண்ணின் நடுவில் அடைப்புக்குறிக்குள் ஒரு பர்மியச் சொல் வரும். நீலக் கார்டில் வருகிற ‘ஏ’ என்ற சொல்லுக்கு விருந்தாளி என்று பொருள். இங்கேயே பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே பெற்றோரைப் புதைத்தவன் விருந்தாளி! “அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்” என்ற வசனத்தின்மேல் வருடத்துக்கு இரண்டு பிரசங்கமாவது கேட்கிறோம். நம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு நாம் என்ன செய்தோம்?

அதே சட்டத்தில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. இந்த நாடு விடுதலை பெற்ற 1948 ஜனவரி 4-க்கு முன்பே இங்கே வந்து குடியிருந்தவர்களும், அவர்களுக்கு இங்கே பிறந்த பிள்ளைகளும், 1948 குடியுரிமைச் சட்டத்தின்படி விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால் இப்போதும் குடியுரிமை கேட்கலாம். ஆனால் உறுதியான ஆதாரம் காட்டவேண்டும். வயல்வேலைக்கும் துறைமுகக் கூலிக்கும் வந்தவர்கள் எந்தத் தாளைப் பத்திரப்படுத்தியிருப்பார்கள்? இருந்ததையும் 1942-ல் குண்டுக்குப் பயந்து நடந்தே ஊருக்குப் போனபோது வழியில் விட்டவர்கள் உண்டு.

அந்த ஆதாரம் சபையிடம் இருக்கிறது. ஞானஸ்நானப் பதிவேடு, கல்யாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு. யுத்தத்தில் போனவை போக மிச்சமிருப்பதில் தேதி இருக்கிறது, தகப்பன் பெயர் இருக்கிறது, சில இடங்களில் தொழிலும் தெருவும்கூட இருக்கிறது. 1965-ல் மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டது, அடுத்த வருடம் வெளிநாட்டு மிஷனரிகளையும் அனுப்பிவிட்டது. இந்தப் புத்தகங்கள் மட்டும் நம் பீரோவிலேயே தங்கிவிட்டன. ஒரு சபையில் அதைப் புரட்டிப் பார்த்தேன். 1930-களின் பக்கங்கள் செல்லரித்து, ஓட்டை வழியாக அடுத்த பக்கத்துப் பெயர் தெரிகிறது. இன்னும் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பது சந்தேகம்தான்.

இந்தப் பதிவைக் காட்டினால் அதிகாரி உடனே முத்திரை குத்திவிடுவார் என்று நான் சொல்லவில்லை. சிலர் பார்ப்பார்கள், சிலர் தள்ளிவிடுவார்கள். ஆனால் வெறுங்கையோடு நிற்பதற்கும், சபை முத்திரையோடு பர்மிய மொழியில் எழுதிய ஒரு சான்றோடு நிற்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

பெயர்ச் சிக்கல் தனிக் கதை. நம் பிள்ளைகளுக்கு வீட்டில் ராணி, சபையில் எஸ்தர், பள்ளியில் மா சூ சூ. மூன்றும் ஒரே ஆள்தான் என்று யார் எழுதிக் கொடுப்பது? சபைதான் கொடுக்கமுடியும், மூன்று பெயரும் சபைக்குத்தானே தெரியும்.

இப்போது என் சொந்தக் கதை. அக்கா மகனுக்கு அவன் தாத்தாவின் ஞானஸ்நானச் சான்று தேவைப்பட்டது. ஒரு சபையில் போய்க் கேட்டோம். “குடும்பச் சந்தா இரண்டு வருஷம் பாக்கி, அதைக் கட்டிட்டு வாங்க” என்றார்கள். கட்டினோம். அப்புறம், சாவி வைத்திருப்பவர் ஊரில் இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை போனபோதுதான் பீரோ திறந்தது. சபை எது என்று சொல்லப்போவதில்லை. இப்படி ஒரே ஒரு சபைதான் என்று நினைத்திருந்தேன். விசாரித்தால் ஆளாளுக்கு ஒரு கதை.

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பொய். 2008 நர்கிஸ் புயலுக்குக் கொடுத்தோம், 2025 மார்ச் நிலநடுக்கத்துக்கு மண்டலேக்கு அனுப்பினோம். கிறிஸ்துமஸுக்கு அரிசி மூட்டை கொடுக்கிறோம், பக்கத்தில் நின்று போட்டோவும் எடுத்துக்கொள்கிறோம். அரிசி இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும். கார்டு இல்லாத பையனுக்கு வேலை, பயணம், படிப்பு எல்லாமே இழுபறி.

“சபைக்கு அரசியல் வேண்டாம் தம்பி” என்று ஒரு மூப்பர் சொன்னார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. இந்த நாட்டில் பயப்படாதவன் யார்? ஆனால் விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பது அரசியல் இல்லை. யோசேப்பும் மரியாளும் பெத்லகேமுக்குப் போனதே குடிமதிப்பு எழுதத்தானே. இன்னொன்று, 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்த பிறகு, “என் மகன் பேர் எந்த லிஸ்ட்லயும் வேண்டாம்” என்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களை ஒரு வார்த்தை வற்புறுத்தக் கூடாது. கேட்டு வருகிறவர்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

பர்மிய நடிகர் சோ தூவும் அவருடைய நண்பர்களும் 2001-ல் இதே ஊரில் இலவச இறுதிச் சடங்கு உதவிச் சங்கம் தொடங்கினார்கள். செத்தவர் என்ன மதம், சந்தா பாக்கியா என்று கேட்காமல் வண்டி அனுப்பினார்கள். நம் கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுவதற்கு முன் நாம் ரசீது புத்தகத்தைத் திறக்கிறோம். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பதிவேடுகளைப் போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சான்றுக்குக் காசு வாங்காதீர்கள், சந்தாவோடு முடிச்சுப் போடாதீர்கள். பர்மியம் நன்றாக எழுதுகிற இளைஞர் இரண்டு பேரை ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். கோயிலுக்குப் போகிற முருகன் வீட்டுப் பிள்ளையும், பள்ளிவாசல் தெருப் பிள்ளையும் வந்தால் அவர்களுக்கும் எழுதிக் கொடுங்கள். அவர்கள் தாத்தாவும் நம் தாத்தாவோடு அதே கப்பலில்தான் வந்தார்.

பாட்டியின் பை இப்போது என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. வரும் ஞாயிறு எங்கள் சபைப் படிக்கட்டுப் பக்கம் மேசையோடு உட்காரப்போகிறேன். மேசை என் வீட்டிலிருந்து வந்துவிடும். பீரோ சாவியை மட்டும் யாராவது கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சபையான்