காற்று வீசியும் நிற்கும் காற்றாலைகள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டி வாழும் எங்களுக்கு, வைகாசி முதல் புரட்டாசி வரை இரவிலும் ஓயாத காற்றாலை இரைச்சல் பழகிவிட்டது; ஆனால், காற்று பலமாக வீசும்போதே சில இறக்கைகள் அசையாமல் நிற்பதைக் காண மனம் பொறுக்கவில்லை. மின்கட்டமைப்பு ஏற்கும் அளவைவிட உற்பத்தி மிகும் வேளைகளில் காற்றாலைகளை நிறுத்த நேரிடுகிறது. ஐப்பசிக்குப் பின்போ, தேவை இருந்தும் காற்று குறைந்துவிடுகிறது.

கமுதியில் 2016-இல் ஏறத்தாழ 2,500 ஏக்கரில் அமைந்த 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் புகையின்றிப் பகலில் மின்சாரம் தருகிறது என்றாலும், வீடுதோறும் விளக்கும் மின்விசிறியும் ஓடும் இரவு 7 மணிக்கு அதனால் பயனில்லை.

ஆகவே, சேமிப்புக்கே இனி முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உபரி மின்சாரத்தால் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது விசையாழி வழியே இறக்கும் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் 1980-களிலிருந்தே நம்மிடம் உள்ளது. நீலகிரியின் குந்தா நீரேற்றுத் திட்டத்தைப் போல, ஏற்கெனவே உள்ள அணைகளை இணைத்தே, காட்டை மேலும் அழிக்காமல் இத்தகைய நிலையங்களை அரசு பெருக்க வேண்டும். காற்றாலைப் பகுதித் துணைமின் நிலையங்களில் மின்கலத் தொகுப்புகளையும் நிறுவ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கன்னியாகுமரி மாவட்டம்.